ஆறேகால் நயா பைசா

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் முதல் வாரத்தில், மதுரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கடைத்தெருவில் என் தகப்பனார் நடத்திவந்த மளிகைக் கடையின் வாசலில் வழக்கத்துக்கு மாறான கூட்டம் கூடி நின்றது. சரக்கு வாங்க வந்தவர்கள் அதில் குறைவு. சந்தேகம் கேட்க வந்தவர்களே அதிகம். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி என்று தலைமுறை தலைமுறையாக மனத்தில் ஊறிக்கிடந்த கணக்கு போய், ரூபாய்க்கு நூறு நயா பைசா என்னும் கணக்கு அம்மாதம் முதல் தேதியிலிருந்து சட்டமாகிவிட்டது. விரல்நுனியளவே இருந்த அந்தச் செம்பு நிறக் காசை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்கள். இதை வாங்கிப் பெட்டியில் போட்டால் நாளைக்குச் செல்லுமா, பழைய காசை இன்றே மாற்றிவிட வேண்டுமா, கொடுக்கல் வாங்கலில் ஏமாந்துபோனால் யாரிடம் போய் முறையிடுவது என்று ஆளாளுக்கு ஒரு கேள்வி கேட்டார்கள். எனக்கு அப்போது வயது ஒன்பது. பெரியவர்களும் பயப்படுவார்கள் என்பதை நான் முதன்முதலாகக் கண்ணால் கண்டது அந்த வாரத்தில்தான்.

அந்தப் பயத்தின் முகத்தை மிக அருகில் இருந்து பார்க்க எனக்கு வாய்த்தது என் அப்பத்தாவினால். எழுத்தறியாத அவள், கடையின் உட்புறம் புளி மூட்டைக்கும் மிளகாய் மூட்டைக்கும் நடுவில் ஒரு மணைப்பலகையில் அமர்ந்து, அளப்பதையும் நிறுப்பதையும் மேற்பார்வை பார்த்தபடி, வருகிறவர்களின் கணக்கை வாயாலேயே கூட்டிச் சொல்லிவிடுவாள். மிளகாய் வீசை பன்னிரண்டணா என்றால் பத்துப் பலம் எவ்வளவு என்று கேட்டு முடிக்குமுன் மூன்றணா என்ற பதில் வந்து விழும். ஓட்டைக் காலணாவையும் சதுரமான இரண்டணாவையும் விளிம்பு நெளிந்த ஓரணாவையும் பார்க்காமலேயே, விரலால் தடவிப் பார்த்தே பிரித்து எடுப்பாள். புதிதாக வந்த காசுகளிலோ ஐந்து பைசா சதுரமாக இருந்தது. இரண்டு பைசாவும் பத்துப் பைசாவும் விளிம்பு நெளிந்து இருந்தன. கண்ணுக்குப் புதியதாயிருந்ததைவிட விரலுக்குப் பழையதைப்போல் தோன்றி ஏமாற்றியதுதான் அவளைப் பெரிதும் கலங்கச் செய்தது.

அவள் கலங்கியதற்கு அறியாமைதான் காரணம் என்று கடைக்கு வந்த படித்த இளைஞர் சிலர் அபிப்பிராயம் சொன்னார்கள். அது எவ்வளவு பெரிய பிழை என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. பழைய கணக்கு மூடத்தனமானதன்று. அதற்கென்று ஓர் அழகிய ஒழுங்கு இருந்தது. ரூபாயைப் பாதியாக்கினால் எட்டணா, அதைப் பாதியாக்கினால் நாலணா, அதைப் பாதியாக்கினால் இரண்டணா, அதையும் பாதியாக்கினால் ஓரணா. அந்த ஓரணாவும் அரையணாவாகவும் காலணாவாகவும் மிச்சமின்றிப் பிளக்கும். படியைப் பாதியாக்கினால் உரி, உரியைப் பாதியாக்கினால் உழக்கு, உழக்கைப் பாதியாக்கினால் ஆழாக்கு. அரை, கால், அரைக்கால், வீசம் என்று இறங்கிச் செல்லும் தமிழ்ப் பின்னக் கணக்கில் ரூபாயின் வீசம்தான் அணா. எழுத்தறியாத ஒருத்தி, எதையும் இரண்டாகப் பகுக்கத் தெரிந்த ஒரே பலத்தினால், ஒரு கடையையே நடத்திச் செல்லக்கூடிய விதத்தில் அந்த ஏற்பாடு அமைந்திருந்தது. நூறு என்னும் எண்ணோ ஐம்பதாகும், இருபத்தைந்தாகும். அதற்குக் கீழே முழுக்காசாகப் பிளக்க மாட்டாமல் நின்றுவிடும். ஓரணாவுக்குச் சரியான ஈடு ஆறேகால் நயா பைசா. அந்தக் காலுக்கு நாட்டில் காசே கிடையாது. காலணாப் பண்டத்துக்கு இரண்டு நயா பைசா வாங்கினால் வாங்குகிறவருக்கு நஷ்டம், ஒன்று வாங்கினால் விற்கிறவருக்கு நஷ்டம். ஆகவே, ஏமாந்துவிடுவோமோ என்று மக்கள் அஞ்சியதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இதை நான் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்றாட வாழ்வில் மாற்றத்தைக் கண்டு அஞ்சுகிறவர்களை, பழமையில் ஊறியவர்கள் என்றும் சோம்பேறிகள் என்றும் சொல்லி ஒதுக்கிவிடுவது நம்மிடையே சகஜமாகிவிட்டது. என் அனுபவத்தில், அந்த அச்சத்தின் அடியில் கிடப்பது பெரும்பாலும் ஒரு துக்கம். நாற்பது ஆண்டுகள் உழைத்துச் சம்பாதித்த கைத்திறமை ஒரே நாளில் செல்லாக்காசாகிவிடுமோ, நேற்றுவரை பிறர் வந்து யோசனை கேட்ட நான் இன்றுமுதல் பிறரிடம் போய்க் கை நீட்டி நிற்க வேண்டுமோ என்னும் துக்கம் அது. புதுவீட்டுக்குக் குடிபோன முதல் இரவில், இருட்டில் சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவுகிற கை படுகிற பாட்டை அனுபவித்தவர்கள் இதை உணர்வார்கள். மணமாகிப் புக்ககம் சென்ற பெண், உப்புஜாடி எங்கே இருக்கிறதென்று ஒவ்வொரு வேளையும் கேட்டுக்கேட்டுச் சமைக்க வேண்டியிருக்கையில் தன் வீட்டு அடுக்களையை நினைத்துக் கண் கலங்குவதும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதில் உள்ள கஷ்டத்தைவிட, கற்றவனாக இருந்தவன் மறுபடியும் கல்லாதவனாக நிற்பதில் உள்ள அவமானமே மனிதனைப் பின்னுக்கு இழுக்கிறது.

அப்பத்தா அந்த நிலையிலிருந்து மீண்ட விதத்தைச் சொல்லுகிறேன். முதல் இரண்டு வாரங்கள் அவள் புதுக்காசைத் தொடவே மறுத்தாள். யாராவது கொடுத்தால் என்னை அழைத்து, "இது பழைய காசுக்கு எம்புட்டுடா?" என்று காதோடு கேட்பாள், நான் சொன்னபின் தானே கண்டுபிடித்ததைப்போல் உரத்துச் சொல்லிப் பெட்டியில் போடச் சொல்லுவாள். கடைச்சுவரில் பழைய காசுக்குப் புதுக்காசு இன்னதென்று காட்டும் அட்டவணை ஒட்டியிருந்தது. அது அவளுக்குப் பிரயோஜனப்படவில்லை. என் தகப்பனார் இரண்டொரு முறை விளக்கிச் சொன்னதும் பயன்படவில்லை. வாடிக்கைக்காரர்கள் முன்னிலையில் மகன் தனக்குப் பாடம் சொல்லுவதை அவள் மனம் ஏற்கவில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஒருநாள் உச்சிவெயிலில், கடையில் ஆள் நடமாட்டம் ஓய்ந்திருந்த வேளையில், ஒரு நாலணா நாணயத்தைத் தரையில் வைத்து, அதற்கு ஈடான இருபத்தைந்து நயா பைசாக்களையும் என்னிடம் எண்ணி வாங்கிப் பக்கத்தில் பரப்பி, நாலணா என்றால் நான்கு ஓரணா ஆயிற்றே என்று நான்கு குவியலாகப் பங்கிடத் தொடங்கினாள். குவியலுக்கு ஆறு வைத்து முடித்தபோது கையில் ஒன்று மிஞ்சிவிட்டது. கலைத்துவிட்டு மறுபடியும் பங்கிட்டாள். மறுபடியும் ஒன்று மிஞ்சிற்று. நெடுநேரம் அந்த ஒற்றைக் காசையே பார்த்திருந்தவள், பிறகு அதை எடுத்து நான்காவது குவியலின்மேல் வைத்து, முகமெல்லாம் மலர்ந்து என்னைப் பார்த்தாள். "கால் காலா நாலு பேருகிட்ட நின்ன பாக்கிடா இது. இங்க வந்து ஒண்ணா உக்காந்துருச்சு."

ஆறேகால் என்னும் பின்னம் அவள் கைக்கு வசப்பட்ட கணம் அது. எவரும் அவளுக்கு அதை உபதேசிக்கவில்லை. சிரிப்பவர் எவரும் அருகில் இல்லை. பழைய நாலணா அவள் கண்முன்னேயே, பறிக்கப்படாமல், செல்லுபடியாகும் நாணயமாகவே கிடந்தது. தான் அறிந்த அதன்மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, அறியாத மறுகரையில் அவள் மற்றொரு காலை எடுத்து வைத்தாள். சர்க்கார் செய்த ஏற்பாட்டில் எனக்கு இன்றும் மிகுந்த மதிப்பு உண்டாவது இந்த அம்சத்தைப் பற்றியே. 1955-இல் நாணயச் சட்டத்தைத் திருத்தி, ஒன்றரை ஆண்டுக்கு மேல் அவகாசம் விட்டுப் புதுக்காசை வெளியிட்டதோடு நில்லாமல், அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் இரண்டு வகை நாணயங்களும் அக்கம்பக்கமாகப் புழங்க இடம் கொடுத்தார்கள். நிறுத்தலளவையும் முகத்தலளவையும் அவ்வாறே: 1956-இல் சட்டம், 1958 அக்டோபரில் தொடக்கம், 1962 ஏப்ரலில் நிறைவு. அந்த இடைக்காலத்தில் எங்கள் கடையில் வீசைக் கல்லும் கிலோக் கல்லும் ஒரே பலகையில் அருகருகே இருந்தன. வீசை என்பது ஒரு கிலோ 400 கிராம் என்றும், பலம் என்பது 35 கிராம் என்றும் என் தகப்பனாருக்குப் பாடமாகிவிட்டன. காசைப் பழகிக்கொண்ட அப்பத்தாவுக்குக் கிலோ அவ்வளவு பெரிய பயமாகத் தோன்றவில்லை. தராசின் முள் பொய் சொல்லாது என்று சொல்லிக்கொண்டு இரண்டே மாதத்தில் பழகிவிட்டாள். ஒரு மாற்றத்தைக் கடந்து வந்த மனத்துக்கு அடுத்த மாற்றத்தின் உயரம் தானாகவே குறைந்துவிடுகிறது.

1964 ஜூன் மாதத்தில் நயா என்ற அடைமொழி நீக்கப்பட்டு வெறும் பைசா ஆனபோது, அந்தச் செய்தியை யாரும் பெரிதாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை. பின்னும் நெடுங்காலம் கழித்து, 2011 ஜூன் மாத இறுதியோடு இருபத்தைந்து பைசா செல்லாதென்று ஆனபோது, ஐயோ நாலணாக் காசு போயிற்றே என்று வருந்தியவர்கள் எத்தனை பேர்! ஒரு காலத்தில் எந்தக் காசைக் கண்டு அஞ்சினார்களோ, அதே காசுக்குப் பழைய பெயரையே சூட்டி, தங்களுடையதாக்கிக்கொண்டு, கடைசியில் அதற்காகத் துக்கமும் கொண்டாடினார்கள்.

கண் விரைவில் பழகிவிடும், கைக்கு நாளாகும் என்பதற்கு நம் எழுத்தே பிரத்தியட்சமான சான்று. லை, ளை, ணை, னை என்னும் எழுத்துக்களைத் துதிக்கைபோல் வளைந்த தனி வடிவத்தில் எழுதிப் பழகிய தலைமுறை என்னுடையது. இவற்றையும், ணா, றா, னா முதலியவற்றின் பழைய சுழிகளையும் மாற்றிச் சீர்படுத்திய வடிவங்களைப் பெரியார் 1935-இலேயே தம்முடைய குடி அரசு பத்திரிகையில் கையாளத் தொடங்கினார். தமிழக அரசு அவற்றை ஏற்று ஆணையிட்டது 1978 அக்டோபரில். இடையில் நாற்பத்து மூன்று ஆண்டுகள்! ஆணை வந்தபின், புது அச்சைப் படிக்க எங்கள் கண்களுக்குச் சில வாரங்கள்கூடத் தேவைப்படவில்லை. என் கையோ இன்றளவும் கடிதம் எழுதும் வேகத்தில் பழைய துதிக்கையைத்தான் போடுகிறது. என் பேரப்பிள்ளைகள் அதை ஒரு சித்திரம்போல் பார்க்கிறார்கள். அதை மாற்றிக்கொள்ளும்படி எவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்கு நான் நன்றியுள்ளவன்.

எல்லா மாற்றங்களையும் இப்படி நிதானமாக, பழையதும் புதியதும் கூடிக்குலாவ விட்டு நடத்திவிட முடியுமா என்று கேட்டால், முடியாதென்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சுவீடன் நாட்டில் வாகனங்கள் நம்மைப்போல் சாலையின் இடப்புறமாகவே ஓடிக்கொண்டிருந்தன. வலப்புறத்துக்கு மாறலாமா என்று 1955-இல் மக்களிடம் வாக்குக் கேட்டபோது, நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் வேண்டாமென்றே சொன்னார்கள். இருந்தும், அண்டை நாடுகளின் சாலைகளோடு பொருந்த வேண்டிய அவசியத்தை முன்னிட்டு அந்நாட்டு நாடாளுமன்றம் மாறுவதென்று தீர்மானித்தது. 1967 செப்டம்பர் 3-ஆம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு நாடு முழுவதும் வாகனங்கள் இடமிருந்து வலம் மாறின. சாலையில் பாதிப்பேர் இப்புறமும் பாதிப்பேர் அப்புறமும் செல்லும் இடைக்காலம் என்று ஒன்று இருக்க இயலாதாகையால், ஒரே காலையில் அதை முடிக்க வேண்டியதாயிற்று. அதற்கு ஈடாக, நான்கு ஆண்டுகள் முன்னேற்பாடு செய்தார்கள். மாறிய புதிதில் அந்நாட்டில் விபத்துகள் பெருகவில்லை, குறைந்தன என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. ஓட்டுகிறவர் ஒவ்வொருவரும் உள்ளூர அஞ்சினார். அஞ்சியதனால் கவனமாக ஓட்டினார். சாலை பழகிப்போனபின் விபத்துகளும் பழைய அளவுக்குத் திரும்பின. பயத்தை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்று பேசுகிறவர்களோடு எனக்குள்ள கருத்து வேற்றுமை இதுவே. காலைக் கட்டிப்போடாத அளவில், கண்ணைத் திறந்து வைக்கிற அளவில், பயம் நல்ல துணை.

இப்போது நம் கண்முன் நடப்பதற்கு வருகிறேன். ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில், மத்திய அரசு ஓய்வூதியம் பெறும் முதியவர்கள் தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். 2014-இலிருந்து இதை ஆதார் எண்ணைக் கொண்டு மின்னணு முறையில் செய்ய வசதி ஏற்பட்டிருக்கிறது. வங்கிக்குப் போக இயலாமல் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை நான் நேரில் அறிவேன். ஆயினும் சென்ற நவம்பரில் ஒரு வங்கியில் கண்ட காட்சி என் மனத்தைவிட்டு நீங்கவில்லை. எண்பது பிராயத்தை நெருங்கிய ஒருவர், வயதாகி ரேகை தேய்ந்த தம் விரலைக் கருவியின்மேல் மீண்டும் மீண்டும் வைக்கிறார். கருவி ஏற்க மறுக்கிறது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்து முணுமுணுக்கிறார்கள். கூட வந்த பேரன், "தாத்தா, குடுங்க நான் பாத்துக்கறேன்" என்று அவர் கையிலிருந்த செல்பேசியைப் பிடுங்கி, எதையோ அழுத்தி, அவர் முகத்துக்கு நேராக நீட்டி, அரை நிமிஷத்தில் காரியத்தை முடித்துவிட்டான். காரியம் முடிந்தது வாஸ்தவம். அந்தப் பெரியவர் வெளியே நடந்த நடையில், தாம் ஒரு சாமானைப்போல் கொண்டுவரப்பட்டுக் கொண்டுபோகப்படுவதாக நினைக்கிற மனிதரின் தளர்ச்சி தெரிந்தது. பேரனிடம் அன்பு இல்லாமல் இல்லை. அவனுக்கு இல்லாதது நேரம். அந்தச் செல்பேசியைப் பிடுங்காமல், தாத்தாவின் விரலே அதை அழுத்தும்படி பக்கத்தில் அமர்ந்து ஒரு பத்து நிமிஷம் காத்திருந்தானானால், அடுத்த ஆண்டு அவர் தனியாகவே அதைச் செய்திருக்கக் கூடும். செய்யாவிட்டாலும், தலைநிமிர்ந்து வெளியே போயிருப்பார்.

ஸ்தாபனங்களிடமும் இதையே கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். புதிய வாசலைத் திறந்த அன்றே பழைய வாசலை அடைத்துவிடாதீர்கள். கவுண்டரில் ஓர் ஆளை இன்னும் சில ஆண்டுகள் உட்கார வையுங்கள். பாஸ்புத்தகத்தில் வரவு செலவைப் பதித்துத் தாருங்கள். அணாவையும் பைசாவையும் ஒருங்கே புழங்கவிட்ட ஒரு தேசத்துக்கு இது இயலாத காரியமன்று. பழையது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மனிதன் புதியதை நாடுகிறான். பின்வாங்க வழியில்லாத இடத்தில் அவன் முன்னே அடி வைப்பதில்லை.

அஞ்சுகிறவர்களுக்கும், என் பிராயத்தை ஒத்தவர்களுக்கும் நான் சொல்லக்கூடியதும் சில உண்டு. துணிவு வரட்டும், பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அப்பத்தாவின் கை முதலில் அசைந்தது, துணிவு பின்னால்தான் வந்தது. செல்பேசி வழியே பணம் செலுத்தும் யுபிஐ முறை 2016-இல் நடைமுறைக்கு வந்தபோது நானும் பல ஆண்டுகள் அதன் பக்கமே போகாதிருந்தேன். பிறகு, சொற்பத் தொகை மட்டும் வைத்த ஒரு தனிக்கணக்கை அதற்கென்று ஏற்படுத்திக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே மருமகளுக்குப் பத்து ரூபாய் அனுப்பி, அவள் எனக்குப் பத்து ரூபாய் திருப்பியனுப்ப, இப்படி ஒரு வாரம் வரை பழகினேன். அந்தக் கணக்கில் உள்ளதற்கு மேல் எனக்கு நஷ்டம் வர வழியில்லை என்று தெரிந்ததும் பாதிப் பயம் தெளிந்தது. மீதிப் பயத்தை நான் வேண்டுமென்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். பணம் கொடுப்பதற்குத்தான் ரகசிய எண் தேவை, பெறுவதற்குத் தேவையே இல்லை; ஆகையால், உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, ரகசிய எண்ணை அழுத்துங்கள் என்று எவராவது சொன்னால் அவர் மோசக்காரர் என்றே முடிவுசெய்யலாம். ஏமாந்துவிட்டதாகச் சந்தேகம் எழுந்தால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணில் புகார் கூற வேண்டும். இவை எனக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம் என் தைரியமன்று. மிச்சம் வைத்திருக்கும் அந்தப் பயமே.

எங்கள் தெருமுனையில் வேப்பமரத்தடியில் ஒரு பூக்காரம்மாள் உட்காருகிறாள். அவளுக்கும் எழுபது வயதுக்குக் குறையாது. தட்டின் ஓரத்தில் பணம் வாங்கும் சதுரக்கட்ட அட்டை ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறாள். அதன் பக்கத்தில் வந்த தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் சிறுபெட்டி. நேற்று மாலை இரண்டு முழம் மல்லிகை கேட்டேன். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தை இருமுறை நீட்டி அளந்துகொண்டே, "பெட்டி சொல்லட்டும் சாமி, அப்பறமா அறுக்கறேன்" என்றாள். பெட்டி சொல்லிற்று. அவள் தலையசைத்து அதைக் கேட்டுக்கொண்டு, கொசுறாக நாலு விரற்கடை பூவைக் கூட விட்டு, நாரை அறுத்து, வாழையிலையில் மடித்து என் கையில் கொடுத்தாள்.